அந்தச் சுவரும் கோயில் சுவர்தான்: ஹவாய் கிளம்பும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டிசம்பர் விடுமுறைக்கு ஹவாய் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்கும், கலிஃபோர்னியாவின் பே ஏரியா தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் மட்டும் உங்களில் நான்கு பேர் என்னைப் பிடித்து உட்காரவைத்து ஹவாய் பற்றிக் கேட்டீர்கள். எந்தத் தீவு நல்லது, வாடகைக் கார் எங்கே மலிவு, சைவச் சாப்பாடு கிடைக்குமா, எரிமலை இப்போது பொங்குகிறதா இல்லையா. மூன்று தடவை போய்வந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று உங்களுக்கு நினைப்பு, எனக்கும் கொஞ்சம் அப்படி நினைப்பு இருந்ததால் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. அங்கே இருக்கிற மனிதர்களைப் பற்றி நீங்கள் யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. முதல் தடவை போனபோது நானும் யாரிடமும் கேட்கவில்லைதான். கேட்காமல் போய் என்ன செய்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் பரவாயில்லை.

கவாய் தீவில் இறைவன் கோயில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும், பாதிப் பேர் அதற்காகவே அந்தத் தீவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949-இல் தீட்சை பெற்ற ஓர் அமெரிக்கர், பிற்காலத்தில் சிவாய சுப்பிரமுனியசுவாமி என்று பெயர் பெற்றவர், 1970-இல் அந்தத் தீவில் மடத்தைத் தொடங்கினார். கோயிலுக்கான கல்லை பெங்களூர் பக்கம் சிற்பிகள் உளியும் சுத்தியலும் வைத்துச் செதுக்கி, கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாங்கள் போனோம். மனைவி பட்டுச்சேலை, நான் வேட்டி, பையன்கள் இரண்டு பேருக்கும் குர்தா. காரிலிருந்து இறங்கும்போதே "சத்தம் போடக்கூடாது, ஓடக்கூடாது, எதையும் தொடக்கூடாது" என்று மூன்று தடவை சொல்லி இறக்கினோம். செருப்பை வரிசையாக விட்டோம். போனைப் பைக்குள் போட்டோம். அவ்வளவு ஒழுங்காக நாங்கள் ஊரில் எந்தக் கோயிலுக்கும் போனதில்லை.

திரும்பி வரும்போது அதே சாலையில், குவாமோஓ சாலை என்று பெயர், மலைமுகட்டில் ஓர் இடத்தில் காரை நிறுத்தினோம். கீழே வைலுவா ஆறு வளைந்து போகிறது, பக்கத்தில் இடுப்பு உயரம்கூட இல்லாத பழைய கல்சுவர் ஒன்று பெரிய சதுரமாக ஓடுகிறது, உள்ளே புல். ஏதோ பலகை இருந்தது. படிக்கவில்லை. பையன்கள் சுவர் மேல் ஏறி ஓட ஆரம்பித்தார்கள், நானும் ஏறி, ஆறு பின்னால் தெரிகிற மாதிரி நின்று, "எடு எடு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பாட்டி வந்தார். வெள்ளை முடி, ரப்பர் செருப்பு, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துவிட்டு, "மேலே உங்கள் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். "அங்கே சுவர் மேல் ஏறி நின்று படம் எடுத்தீர்களா?"

குரலில் கோபமே இல்லை. பையன்கள் தாமாகவே இறங்கிவிட்டார்கள், நான்தான் கடைசியாக இறங்கினேன். இறங்கும்போது என் செருப்புக்கடியில் ஒரு கல் அசைந்தது. பாட்டி குனிந்து அதைப் பார்த்தார், தொடவில்லை. அப்புறம் பலகையைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அது போலிஆஹு ஹெயாவ். ஹெயாவ் என்றால் ஹவாய்க்காரர்களின் கோயில். அப்படி ஒன்று மட்டும் அங்கே இல்லை. வைலுவா ஆறு கடலில் சேரும் இடத்தில் 'சூரிய உதயம்' என்று பொருள்படும் பெயரோடு ஒன்று, கொஞ்சம் மேலே ஆற்றங்கரையில் அரச குலப் பெண்கள் பிள்ளை பெற்ற பிரசவக் கற்களோடு ஒன்று, அப்புறம் நான் ஏறி மிதித்த இது, இப்படி வரிசையாக வையாலேயாலே மலை உச்சி வரை ஒரு தொடர் இருந்ததாகச் சொல்வார்கள். உலகிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று அந்த உச்சி. அங்கிருந்துதான் வைலுவாவுக்குத் தண்ணீர் வருகிறது. நாம் இறைவன் கோயிலுக்குப் போவதற்குள் இதில் பாதியைக் காரில் கடந்துவிடுகிறோம், அருவி பார்க்கத்தான் வண்டியை நிறுத்துகிறோம்.

எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையாகிவிடும், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் மறுநாள் காலையில் ஒன்று தோன்றியது. கோபுரமும் கொடிமரமும் இருந்தால்தான் கோயில் என்று என் கண் எப்போது பழகியது? எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வயல்வரப்பில் ஒரு வேப்பமரத்தடியில் மூன்று செங்கல்லை நட்டு மஞ்சள் தடவியிருந்தால் போதும், எங்கள் ஆள் யாரும் அந்தப் பக்கம் செருப்போடு போகமாட்டான். சுடலைமாடனுக்குச் சுவரே கிடையாது, வெறும் பீடம்தான், அதன் மேல் ஏறி நின்று எவனாவது படம் எடுப்பானா? ஆக நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்ததை விமானம் ஏறும்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம், அவ்வளவுதான்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஹெயாவைப் பார்த்தால் வெளியே நின்று பாருங்கள். சுவரில் ஏறாதீர்கள், உட்காராதீர்கள், உள்ளே போகாதீர்கள், ஒரு கல்லைக்கூட இடம் மாற்றாதீர்கள். கடற்கரையிலும் எரிமலைப் பாறையிலும் கல் மேல் கல் அடுக்கிக் கோபுரம் கட்டிப் படம் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதுவும் அங்கே வேண்டாம். எந்தக் கல் பழையது, எதைக் காரணத்தோடு வைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அப்புறம் இது நமக்கே நமக்கான எச்சரிக்கை: புனிதமான இடம் என்று தெரிந்ததும் கை தானாகக் கற்பூரத்தையும் ஊதுபத்தியையும் தேடும். தயவுசெய்து வேண்டாம். தேங்காய் உடைக்காதீர்கள், குங்குமம் வைக்காதீர்கள், சில்லறை போடாதீர்கள். அது பக்திதான், ஆனால் அவர்கள் வீட்டுப் பூஜையறையில் நம் இஷ்டத்துக்கு விளக்கேற்றுவது மாதிரி. கும்பிடத் தோன்றினால் வெளியே நின்று கையெடுத்துக் கும்பிடுங்கள், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

பெரிய தீவு எனப்படும் ஹவாய் தீவுக்குப் போகிறவர்கள் கீலவேயா எரிமலைக்குப் போவீர்கள். அங்கே எரிமலைத் தெய்வம் பெலே இருக்கிறாள். 'இருப்பதாக நம்புகிறார்கள்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, மீனாட்சியைப் பற்றி அப்படி எழுதுவோமா? எரிமலைக் கல்லை வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள் வேலை போயிற்று, கல்யாணம் முறிந்தது என்று மன்னிப்புக் கடிதத்தோடு கல்லைத் தபாலில் திருப்பி அனுப்புவது பல காலமாக நடக்கிறது. இந்தச் சாபக்கதை ஹவாய்க்காரர்களின் பழைய மரபிலேயே இல்லை, இருபதாம் நூற்றாண்டில் யாரோ கிளப்பிவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. சாபம் உண்டோ இல்லையோ, தேசியப் பூங்காவிலிருந்து கல் எடுப்பது சட்டப்படி குற்றம். ஆனால் எனக்கு அதைவிட மனதில் நின்றது 2018-இல் நடந்தது. அந்தத் தீவின் பூனா பகுதியில் எரிமலைக் குழம்பு 700-க்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கியது, வீட்டை இழந்தவர்களிலேயே பலர் "அவள் நிலம், அவள் எடுத்துக்கொண்டாள்" என்று சொன்னார்கள். அம்மை போட்டால் "ஆத்தா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை செருகிய பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இது புரியாமல் போகாது.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். நீளமாக வேண்டாம், ஆனால் இது தெரியாமல் போகவே கூடாது.

ஹவாய் ஒரு தனி நாடாக இருந்தது. அரசர்கள், அரசியலமைப்பு, வெளிநாட்டுத் தூதரகங்கள், எல்லாம் இருந்தன. ஹொனலுலுவில் இருக்கும் இயோலானி அரண்மனையில் மின்விளக்கு எரிந்தபோது வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் இன்னும் மின்சாரம் வரவில்லை. 1893 ஜனவரி 17 அன்று, கரும்பு வணிகத்தோடு தொடர்புள்ளவர்களும் வழக்கறிஞர்களுமாக ஒரு கூட்டம், துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து இறங்கிய அமெரிக்கப் படைவீரர்களின் துணையோடு, ராணி லிலியுஓகலானியைப் பதவியிலிருந்து இறக்கியது. 1895-இல் அதே அரண்மனையின் மாடியறை ஒன்றில் ராணியைப் பல மாதம் அடைத்து வைத்தார்கள். அங்கே இருந்தபடி அவர் துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கத் தொடங்கிய போர்வை இன்றைக்கும் அரண்மனையில் இருக்கிறது, போனால் பாருங்கள். 1897-இல் அமெரிக்காவோடு இணைக்கக் கூடாது என்று 21,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். அப்போது அங்கே ஹவாய் இனத்தவர் எண்ணிக்கையே நாற்பதாயிரம் அளவில்தான். அப்படியும் 1898-இல் இணைத்துவிட்டார்கள். 1959-இல் மாநிலம். ராணியை இறக்கி நூறு ஆண்டு கழித்து 1993-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது, கிளின்டன் கையெழுத்திட்டார். நிலம் திரும்பவில்லை.

இப்போது ஒரு கணக்கு. அந்த மாநிலத்தில் வசிப்பவர்கள் சுமார் 14 லட்சம். 2019-இல் மட்டும் வந்துபோன பயணிகள் 1 கோடியே 4 லட்சம். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி ஹவாய் இனத்தவர்களில் பாதிக்கு மேல் ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள், காரணம் பெரும்பாலும் வீட்டு வாடகையும் விலைவாசியும். அதனால்தான் அனுமதி இல்லாமல் ஊருக்குள் வாடகைக்கு விடப்படும் விடுமுறை வீடுகளை எடுக்காதீர்கள் என்கிறேன், அப்படி ஒவ்வொரு வீடு போகும்போதும் அந்த ஊர்க் குடும்பம் ஒன்றுக்கு வாடகை வீடு குறைகிறது. 2023 ஆகஸ்ட் 8 அன்று மாவி தீவின் லாஹைனா எரிந்து நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஒரு காலத்தில் அந்நாட்டின் தலைநகரமாக இருந்த ஊர் அது. அங்கே 1873-இல் நட்ட ஓர் ஆலமரம் இருக்கிறது, இந்தியாவிலிருந்து வந்த கன்று. தீயில் கருகிப்போய், சில வாரங்களில் துளிர்த்தது. மரத்தைப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் எரிந்த வீடுகளுக்கு முன்னால் நின்று படம் எடுக்காதீர்கள், கடைக்காரரிடமோ ஹோட்டல் பணியாளரிடமோ "தீ பிடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஆர்வமாகக் கேட்காதீர்கள். இழவு வீட்டில் எப்படி நடந்துகொள்வோம்? அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். அதேதான்.

இன்னொரு விஷயம், சின்னதுதான், ஆனால் நம்மவர்கள் எல்லாரும் தப்பாகச் சொல்கிறோம். கலிஃபோர்னியாவில் இருப்பவர் கலிஃபோர்னியன் என்பது மாதிரி ஹவாயில் இருப்பவரெல்லாம் ஹவாயன் இல்லை. அது அந்த மண்ணின் பூர்வகுடிகளை மட்டும் குறிக்கும் சொல். ஜப்பானிய, ஃபிலிப்பினோ, போர்ச்சுகீசிய வம்சாவளியில் ஐந்து தலைமுறையாக அங்கேயே இருந்தாலும் அவர்கள் தங்களை 'லோக்கல்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். "அமெரிக்காவுல இதெல்லாம் வேற மாதிரி" என்று அங்கே நின்றுகொண்டு பேசுவதும் எடுபடாது. பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிடுவது மட்டும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம், சொந்தம் இல்லாவிட்டாலும் அங்கே அப்படித்தான். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விடுவதும் அப்படியே, வெறுங்கையோடு போகாமல் இருப்பதும் அப்படியே.

மொழி. ஹவாய் மொழியில் ஐந்து உயிர், எட்டு மெய், மொத்தம் 13 எழுத்து. இதில் ஒரு மெய், தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கிற ஓசை, எழுத்தில் ஒற்றை மேற்கோள் குறி மாதிரி இருக்கும். ஆங்கிலக்காரர்கள் அதைத் தூசு தட்டுவது மாதிரி விட்டுவிடுவார்கள். கவாய் என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம், அவர்கள் 'கவா' என்று நிறுத்தி 'இ' என்கிறார்கள். அப்புறம் குறில், நெடில். நமக்கு லட்டு மாதிரி விஷயம்! கல என்றால் மன்னிப்பது, காலா என்றால் பணம். கல்லுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரிந்த நாக்குக்கு இது என்ன கஷ்டம்? எழுத்துக்கு மேலே சின்னக் கோடு இருந்தால் நெடில், இவ்வளவுதான் இலக்கணம். ஊர்ப் பெயர்களை மெதுவாக, சரியாக ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைக் கவனியுங்கள்.

இந்த மொழியை 1896-இல் சட்டம் போட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றினார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் சரளமாகப் பேசும் சிறுவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை என்ற நிலை. 1978-இல் மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக்கினார்கள். 1984-இல் சில பெற்றோர்கள் கவாயில் ஒரு மழலையர் பள்ளி ஆரம்பித்தார்கள், பெயர் பூனானா லேயோ, மொழிக்கூடு. இன்று ஹவாய் வழியிலேயே பட்டப்படிப்பு வரை போகலாம். நம் பிள்ளைகளைச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் நாம் படும் பாட்டை நினைத்துப் பார்த்தால் அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

வழி கேட்டால் அங்கே கிழக்கு மேற்கு சொல்லமாட்டார்கள். மவ்கா என்றால் மலைப்பக்கம், மகாய் என்றால் கடல்பக்கம். எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, ஏனென்றால் நாமும் அதையேதான் செய்திருக்கிறோம்: மேடான பக்கம் மேற்கு, கீழே சரிகிற பக்கம் கிழக்கு. மலையிலிருந்து கடல் வரை ஒரே துண்டாக நிலத்தைப் பிரித்து, அதற்குள் காடு, ஓடை, வயல், கரை, மீன் எல்லாம் வரும்படி ஓர் ஊரை அமைத்தார்கள், அதற்கு ஆஹுபுவாஅ என்று பெயர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எல்லாம் ஒரே ஊராட்சிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம், அதைத்தான் அதிகம் கேட்டீர்கள். கலோ என்பது நம் சேப்பங்கிழங்கு. அதை வேகவைத்து இடித்துக் கூழாக்கினால் அதன் பெயர் பொய். ஆமாம், பொய்தான், சிரித்து முடித்துவிட்டீர்களா? ஊதா நிறத்தில், லேசான புளிப்போடு, கொழகொழவென்று இருக்கும். என் சின்னவன் ஒரு வாய் வைத்துவிட்டு "உவ்வே" என்றான், பரிமாறியவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிற்பாடுதான் கதை தெரிந்தது. வானத்தந்தை வாக்கேயாவுக்கு முதலில் பிறந்த குழந்தை உயிரில்லாமல் பிறந்தது, மண்ணில் புதைத்தார்கள், புதைத்த இடத்தில் முளைத்ததுதான் கலோ. அடுத்துப் பிறந்தவன்தான் மனித குலத்தின் மூதாதை, பெயர் ஹாலோவா. ஆக அந்தக் கிழங்கு அவர்களுக்கு அண்ணன். பொய் இருக்கும் கிண்ணம் திறந்திருக்கும்வரை சாப்பிடுகிற இடத்தில் சண்டை போடக்கூடாது என்பார்கள். பிடிக்கவில்லையென்றால் பரவாயில்லை, முகத்தைச் சுளிக்காமல் ஒதுக்கி வைக்கப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சைவக்காரர்களுக்கு: கீரை மாதிரி தெரிகிற லாவ்லாவ் பொட்டலத்துக்குள் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும், கேட்டு வாங்குங்கள். தேங்காய்ப்பாலில் செய்யும் ஹவுப்பியாவைத் தாராளமாகச் சாப்பிடலாம், இன்னொரு துண்டும் கேட்பீர்கள்.

ஹூலா பற்றி ஒரு வார்த்தை. ஹோட்டல் விருந்தில் மேடைக்குக் கூப்பிட்டு இடுப்பை ஆட்டச் சொல்வார்கள், போங்கள், ஆடுங்கள், அது தப்பில்லை. ஆனால் அதைத்தான் ஹூலா என்று நினைத்துக்கொண்டு திரும்பாதீர்கள். பாட்டின் சொல்லுக்குக் கை பிடிப்பதுதான் ஹூலா, அபிநயம் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 1830-இல் பொது இடத்தில் ஆடக்கூடாது என்று தடை வந்தது, பிறகு கலாகௌவா அரசர்தான் அதை அரண்மனை வாசலுக்கே திரும்பக் கொண்டுவந்தார். பரதநாட்டியத்துக்கு முன்னோடியான சதிருக்கு நம் பக்கம் நடந்ததை அறிந்தவர்கள் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள்.

மாலை போட்டால் மறுக்காதீர்கள், போட்டவர் எதிரிலேயே கழற்றாதீர்கள். காய்ந்த பிறகு குப்பைத்தொட்டியில் போடாமல், நூலைப் பிரித்தெடுத்துவிட்டுப் பூவை ஏதாவது மரத்தடியில் போட்டுவிடுங்கள். கடையில் பீக்காக்கே மாலை கிடைத்தால் வாங்கி முகர்ந்து பாருங்கள், கண்ணை மூடினால் மதுரைதான். நம் குண்டுமல்லியேதான் அது! மல்லிகையையும் மயிலையும் நேசித்த கயுலானி இளவரசியின் நினைவாக, மயிலுக்கான ஆங்கிலச் சொல்லே பூவுக்குப் பெயராயிற்று. ராணி லிலியுஓகலானிக்குப் பின் பட்டத்துக்கு வந்திருக்க வேண்டிய பெண், 23 வயதில் இறந்துபோனாள். என் மனைவி அந்த மாலையைக் கழற்றிக் கொண்டையில் சுற்றிக்கொண்டாள். அது முறையா என்று தெரியவில்லை, கடைக்கார ஆன்ட்டி சிரித்தார்.

மூன்றாவது பயணத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க நாங்கள் எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. ஒஆஹு தீவில் ஹேஎயா என்ற இடத்தில் பழைய மீன்குளம் ஒன்று, பல நூற்றாண்டுக்கு முன் கட்டியது, கடலுக்குள் 88 ஏக்கரை வளைத்து சுமார் 2 கிலோமீட்டருக்குக் கல்சுவர். சுவரில் மதகுகள் இருக்கின்றன, மரக்குச்சிகளை நெருக்கமாக நட்ட கதவு. சின்ன மீன் இடுக்கு வழியே உள்ளே வரும், தின்று கொழுத்த பிறகு வெளியே போக முடியாது. எவ்வளவு எளிய கணக்கு பாருங்கள். அதைப் பராமரிக்கும் அமைப்பு பொதுமக்களைக் கூப்பிட்டு வேலை செய்ய வைக்கிறது, முன்கூட்டியே பெயர் கொடுத்தால் நம்மையும் சேர்த்துக்கொள்வார்கள். எங்களை வட்டமாக நிற்க வைத்துப் பெயரையும் ஊரையும் கேட்டார்கள். நான் சான் ஹோசே என்றேன். "அது இப்போது. உங்கள் தண்ணீர் எது?" என்றார் ஓர் இளைஞர். தாமிரபரணி என்றேன். அமெரிக்கா வந்த இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வேலை என்ன தெரியுமா, அலையாத்தி மரங்களைப் பிடுங்குவது. பிச்சாவரத்தில் காக்கிறோம், இங்கே வெட்டுகிறார்களே என்று எனக்கு முதலில் பகீர் என்றது. ஆனால் ஹவாய்க்கு அந்த மரம் சொந்தமே இல்லை, 1902-இல் மோலோகாய் தீவில் கரும்பு நிறுவனம் ஒன்று கரையோரச் சேறு கடலுக்குள் போகாமல் இருக்கக் கொண்டுவந்து நட்டது. அதன் வேர் சுவருக்குள் புகுந்து கல்லைப் பெயர்த்துவிடுகிறது. முழங்கால் வரை சேறு, வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கல்லை அனுப்பினோம், பெரியவன் எனக்கும் ஒரு டாங்கா நாட்டுத் தாத்தாவுக்கும் நடுவில் நின்றான். எங்கள் ஊரில் குடிமராமத்து என்று ஒன்று இருந்ததாம், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து குளத்துக் கரையைச் சரிசெய்வார்களாம், தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்தது ஹவாயில். எந்த ஹெலிகாப்டர் பயணத்தையும் பிள்ளைகள் இப்போது பேசுவதில்லை, அந்தச் சேற்றைத்தான் பேசுகிறார்கள்.

மவுனா கேயா மலைக்கு நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 4,207 மீட்டர் உயரம், கடலடியிலிருந்து அளந்தால் எவரெஸ்டைத் தாண்டும். உச்சியில் 30 மீட்டர் தொலைநோக்கி கட்டும் திட்டத்தை எதிர்த்து 2019-இல் மலையடிவாரத்தில் பல மாதம் உட்கார்ந்தார்கள், நாற்காலியில் உட்கார்ந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்ட முதியவர்களைப் போலீஸ் கைது செய்தது. அந்தத் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. அறிவியலுக்கு எதிரானவர்கள் என்று அவர்களைச் சட்டென்று முடிவுகட்டும் நம்மவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன், இப்போதும் போடுவேன். நட்சத்திரத்தைப் பார்த்தே பசிபிக்கைக் கடந்த கடலோடிகளின் வம்சம் அது. திருவண்ணாமலையில் மலையேதான் லிங்கம். அதன் உச்சியை வெட்டிச் சமன்செய்து பதினெட்டு மாடி உயரத்துக்குக் கட்டடம் வரப்போகிறது, உலகத்துக்கே நல்லது என்று சொன்னால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? அறிவியல் வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன், எனக்கு இதில் தெளிவான பதில் இல்லை. ஆனால் அந்த முதியவர்களைக் கிண்டல் செய்ய என்னால் முடியாது.

மற்றதெல்லாம் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கடலாமை கரையில் படுத்திருந்தால் பத்தடி தள்ளி நில்லுங்கள், துறவிச் சீல் என்னும் கடல்நாய்க்கு ஐம்பதடி. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த வெயில் களிம்பை 2021 முதல் அங்கே விற்கக் கூடாது, பவளப்பாறைக்கு ஆகாது, இங்கிருந்தும் கொண்டுபோகாதீர்கள், துத்தநாகம் கலந்ததை வாங்குங்கள். காட்டுப்பாதை முகப்பில் பிரஷ்ஷும் தெளிப்பானும் வைத்திருப்பார்கள், நின்று ஷூ அடிப்பாகத்தைத் தேய்த்துவிட்டுப் போங்கள். ஓஹியா மரங்களைக் கொல்லும் பூஞ்சை மண்ணோடு ஒட்டிக்கொண்டு பரவுகிறது. 'கபு' என்று பலகை இருந்தால் உள்ளே போகக்கூடாது என்று பொருள், இணையத்தில் எவரோ "ரகசிய அருவி" என்று வழி போட்டிருந்தாலும் சரி.

கவாய் போகிறவர்கள் ஹாஎனா பூங்காவுக்கு இன்றே ஏற்பாடு செய்யுங்கள். 2018 ஏப்ரலில் அந்தப் பக்கம் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 50 அங்குலம் மழை கொட்டிச் சாலை போய்விட்டது, ஒரு வருஷத்துக்கு மேல் பயணிகள் யாரும் உள்ளே போகமுடியவில்லை. அந்த இடைவெளியில் கடலில் மீன் திரும்பி வந்ததை ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். திறந்தபோது ஒரு நாளைக்கு 900 பேர்தான் என்று வரம்பு வைத்தார்கள், முன்பு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு போய்க்கொண்டிருந்தோம். முன்பதிவு 30 நாளுக்கு முன், ஹவாய் நேரப்படி நள்ளிரவில் திறக்கும், நமக்கு விடிகாலை 2 மணி. நான் போன தடவை அலாரம் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன், ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் கார் நிறுத்த ஓர் இடம்கூட மிச்சமில்லை. கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், சாலையோரம் வண்டியைச் சொருகிவிட்டு நடந்து போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் என் பெயரைச் சொல்லித் திட்டுங்கள்.

அன்புடன்,
அந்தச் சுவரில் ஏறியவன்